ஏப்பத்துக்கு 94 பக்கம்

சட்டம் படிக்கிற நண்பர்களிடம் "படிக்க நல்லா இருக்கிற தீர்ப்பு ஏதாவது சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு பேராவது நீல் கோர்சச் எழுதிய ஏப்பத் தீர்ப்பைச் சொல்வார்கள். மொத்தமே நாலு பக்கம். கிண்டல் இருக்கிறது, டிக்கன்ஸ் வருகிறார், கடைசி வரியில் ஒரு குத்து. இன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இருக்கும் கோர்சச், பத்தாவது சுற்று ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தபோது எழுதிய மாறுபட்ட தீர்ப்பு அது. 2017 ஜனவரியில் அவர் பெயர் உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்டதும், மனுஷர் எவ்வளவு நன்றாக எழுதுகிறார் பாருங்கள் என்று அதை எடுத்துக் காட்டினார்கள்.

நான் வக்கீல் இல்லை, கதை படிக்கிற ஆள். அந்த நாலு பக்கத்தை ரசித்துப் படித்துவிட்டு, அது எதற்கு எதிராக எழுதப்பட்டதோ அந்த 94 பக்கப் பெரும்பான்மைத் தீர்ப்பையும் படித்தேன். அதற்குப் பிறகு அந்த நாலு பக்கத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2011 மே 19. நியூ மெக்சிகோ மாநிலத்தின் அல்புகர்க்கி நகரில் ஒரு நடுநிலைப் பள்ளி. ஏழாம் வகுப்புக்கு பி.டி. பீரியட். பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் ஏப்பம் விட்டுக் காட்டுகிறான். நிஜ ஏப்பம்கூட இல்லை, வேண்டுமென்றே விடுகிற பொய் ஏப்பம். வகுப்பு சிரிக்கிறது. டீச்சர் நிறுத்தச் சொல்கிறார், அவன் நிறுத்தவில்லை. வராந்தாவுக்குப் போ என்கிறார். போகிறான். போனவன் வாசல் வழியாகத் தலையை உள்ளே நீட்டி மறுபடி ஏப்பம், மறுபடி சிரிப்பு. டீச்சர் ரேடியோவில் உதவி கேட்கிறார். வந்து சேர்வது பள்ளியிலேயே பணியில் இருக்கும் நகரப் போலீஸ்காரர். அவர் பையனைக் கைது செய்து, கைவிலங்கு மாட்டி, காரில் ஏற்றி, சிறார் தடுப்பு மையத்தில் கொண்டுபோய் விடுகிறார். அம்மா வந்து அழைத்துப் போகும்வரை ஒரு மணி நேரம் போல அங்கே இருந்தான். பள்ளி தன் பங்குக்கு ஒரு நாள் சஸ்பெண்ட் செய்தது.

அதே ஆண்டு நவம்பரில் இன்னொன்று. கஞ்சா கைமாறியதாக வந்த தகவலின் பேரில், பள்ளியில் வைத்து அவனுடைய மேலாடைகளைக் கழற்றச் சொல்லிச் சோதனை போட்டார்கள். கஞ்சா கிடைக்கவில்லை.

அம்மா வழக்குப் போட்டார். மேல்முறையீட்டில் எதிர்த்தரப்பில் இருந்தவர்கள் மூன்று பேர்: போலீஸ்காரர், பள்ளி முதல்வர், துணை முதல்வர். ரேடியோவில் கூப்பிட்ட டீச்சர் அந்த மூவரில் இல்லை. இது சின்ன விஷயம்போலத் தெரியும், எனக்கு அப்படித் தோன்றவில்லை. வகுப்பில் முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்மேல் பாயாமல், அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுத்தவர்கள் மேல்தான் அந்த வழக்கு நின்றது. "இப்படியே ஆளாளுக்குக் கேஸ் போட்டா எந்த வாத்தியார் பாடம் நடத்துவார்" என்று கேட்கிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

2016 ஜூலை 25 அன்று, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அம்மா தோற்றார். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஜெரோம் ஹோம்ஸ். அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றமும் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது.

*

ஏன் தோற்றார் என்பதற்குக் கொஞ்சம் சட்டம் பேசியாக வேண்டும். சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

அமெரிக்காவில் ஓர் அரசு ஊழியர் உங்கள் அரசியலமைப்பு உரிமையை மீறினால் அவர்மேல் நேரடியாக வழக்குப் போட வழி செய்வது 1871ஆம் ஆண்டுச் சட்டம். உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, தெற்கு மாநிலங்களில் கு க்ளக்ஸ் க்ளான் நடத்திய வன்முறையை உள்ளூர் அதிகாரிகளே கண்டுகொள்ளாமல் இருந்ததால் கொண்டுவரப்பட்டது. அதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, 1967ல், உச்ச நீதிமன்றம் போலீஸாருக்கு ஒரு கவசம் கொடுத்தது. 1982ல் அதற்கு இன்றைய வடிவம் வந்தது. பெயர் குவாலிஃபைட் இம்யூனிட்டி. அந்த அதிகாரி மீறியதாகச் சொல்லப்படும் உரிமை, அவர் அதைச் செய்த நேரத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிலைநாட்டப்பட்டிருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் அவர் தப்பிவிடுவார். நியாயமான எந்த அதிகாரிக்கும் "இது தப்பு" என்று தெரிந்திருக்குமா என்பதுதான் கேள்வி. செய்தது தப்பா என்ற கேள்விக்கு நீதிமன்றம் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம்கூட இல்லை.

நியூ மெக்சிகோவின் சட்டமோ, பள்ளியின் கல்விப் பணிக்கு இடையூறு செய்யும் எந்தச் செயலும் குற்றம் என்கிற ரீதியில் எழுதப்பட்டது. 'எந்தச் செயலும்' என்றால் ஏப்பமும் அதில் வரும்தானே? பெரும்பான்மை நீதிபதிகள் அப்படித்தான் வாசித்தார்கள். குறைந்தபட்சம், ஒரு போலீஸ்காரர் அப்படி வாசித்ததைக் குறை சொல்ல முடியாது என்றார்கள். கோர்சச்சின் பதில் எளிமையானது. அந்த மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றமே 1974ல் இந்தச் சட்டத்துக்கு விளக்கம் கொடுத்து, இன்னும் பெரிய, இன்னும் கண்கூடான இடையூறு இருந்தால்தான் இது பொருந்தும் என்று சொல்லிவிட்டது. இதே மாதிரி சட்டங்களை வேறு சில மாநில நீதிமன்றங்களும் அப்படித்தான் குறுக்கி வாசித்தன. வகுப்பில் சேட்டை செய்வதும் குற்றம் செய்வதும் ஒன்றில்லை. இது போலீஸ்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சட்டமாகப் பார்த்தால் கோர்சச் சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. என் புகார் அவருடைய வாதத்தின் மேல் இல்லை.

*

அந்த நாலு பக்கம் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? ஏழாம் வகுப்புப் பையன் ஏப்பம் விட்டுச் சிரிக்க வைத்தால் டீச்சர் என்ன செய்வார் என்று கேட்கிறார். மைதானத்தைச் சுற்றி ஓடவிடலாம், ஸ்கூல் விட்ட பிறகு உட்கார வைக்கலாம், முதல்வர் அறைக்கு அனுப்பலாம். அதெல்லாம் பழைய காலத்துப் பழக்கமாகிவிட்டதோ என்கிறார். கேட்பவர் முகத்தில் புன்னகை தெரிகிற நடை. சக நீதிபதிகள் 94 பக்கம் எழுதி விளக்கியும் நான் மாறவில்லை என்று சொல்லும்போது நாமும் சேர்ந்து சிரிக்கிறோம்.

முடிவில் டிக்கன்ஸ் வருகிறார். 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலில் சட்டத்தைக் கழுதை என்று ஒருவர் திட்டும் இடம். சட்டம் பல நேரம் அப்படித்தான் இருக்கும், நீதிபதிகளால் ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் இந்த வழக்கில் என் சகாக்கள் நினைக்கிற அளவுக்கு அது கழுதை இல்லை என்று முடிக்கிறார். பிரமாதமான முடிப்பு. எல்லோரும் பகிர்வது இதைத்தான்.

இங்கேதான் கதை படிக்கிறவனுக்கு உறுத்துகிறது. அந்த நாவலில் சட்டத்தைத் திட்டுகிறவர் யார்? பம்பிள். அநாதைப் பிள்ளைகளை மிரட்டியே வாழ்க்கை நடத்திய பேரூர் அதிகாரி. மனைவி செய்த தில்லுமுல்லுக்குப் புருஷனும் பொறுப்பு என்று சட்டம் கருதும் எனச் சொல்லப்பட்டதும், மாட்டிக்கொண்ட எரிச்சலில் பொங்குகிறார். அதாவது, ஊரிலுள்ள பிள்ளைகளையெல்லாம் விதிகளைக் காட்டி நடுங்க வைத்தவருக்கு, விதி தன்மேல் பாயும்போதுதான் அது கழுதையாகத் தெரிகிறது. டிக்கன்ஸ் அந்தக் கிண்டலைச் சட்டத்தின் மேல் மட்டும் வைக்கவில்லை, பம்பிளின் மேலும் வைத்தார். ஏப்ப வழக்கில் பம்பிளின் இடத்தில் யார் நிற்கிறார் என்று யோசித்தால், அந்த மேற்கோள் கோர்சச் நினைத்ததைவிட நன்றாகவே பொருந்துகிறது. அவர் அந்தப் பக்கம் போகவே இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம், அந்த நாவலில் ஒரு பையன் இருக்கிறான். இன்னும் கொஞ்சம் கஞ்சி கேட்டதற்காக இருட்டறையில் அடைக்கப்படுகிறவன். மறுநாள் காலை, இவனை அழைத்துப் போகிறவருக்கு ஐந்து பவுண்டு தருகிறோம் என்று வாசலில் நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். வெள்ளை வெயிஸ்ட்கோட் போட்ட கனவான் ஒருவர், இந்தப் பையன் தூக்கில்தான் தொங்குவான் என்று ஆரூடம் சொல்கிறார். கஞ்சி கேட்டவனுக்கு! பிறகு அவன் செய்யாத திருட்டுக்காக நீதிபதி ஃபாங் முன்னால் நிறுத்தப்பட்டு மயங்கி விழுகிறான். விழுந்து கிடக்கும்போதே மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை விதிக்கிறார் ஃபாங். புத்தகக் கடைக்காரர் ஓடிவந்து சாட்சி சொன்னதால்தான் தப்பிக்கிறான். டிக்கன்ஸ் வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர், நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதியவர். ஃபாங் பாத்திரத்தை லண்டனின் ஹட்டன் கார்டனில் இருந்த லேங் என்ற நிஜ நீதிபதியைப் பார்த்துத்தான் உருவாக்கினார். சிறுவனின் சேட்டையைக் குற்றமாகப் பார்க்கும் பெரியவர்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட மிகப் பிரபலமான நாவல் அதுதான். சேட்டைக்காகக் கைவிலங்கு மாட்டப்பட்ட சிறுவனின் வழக்கில் அதைக் கையில் எடுத்த நீதிபதி, பையனை விட்டுவிட்டு பம்பிளின் பஞ்ச் டயலாக்கை மட்டும் எடுத்துக்கொண்டார்.

இது மறதி இல்லை. கோர்சச்சின் கொள்கையே அதுதான். தனக்குப் பிடித்த முடிவுக்கே எப்போதும் போய்ச் சேரும் நீதிபதி நல்ல நீதிபதியாக இருக்க வாய்ப்பில்லை என்று அதே பக்கத்தில் எழுதுகிறார். கைவிலங்கு கொடுமை என்று அவர் எங்கும் சொல்லவில்லை. 1974 தீர்ப்பு இல்லாமல் இருந்திருந்தால், கழுதை கழுதைதான் என்று அவரும் கையெழுத்துப் போட்டிருக்கக்கூடும். நேர்மையான நிலைப்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் இதைப் பகிர்கிற நண்பர்கள் 'குழந்தைக்காகப் பேசிய தீர்ப்பு' என்று தலைப்புப் போட்டுப் பகிர்கிறார்கள். அது சட்டப் புத்தகத்துக்காகப் பேசிய தீர்ப்பு. அது பேசுவதும் மே மாதக் கைதைப் பற்றித்தான், நவம்பரில் சட்டையைக் கழற்றிய கதை அதில் வராது.

சலிப்பூட்டும் 94 பக்கத்தில்தான் பையன் இருக்கிறான். தலையை நீட்டியது, வராந்தா, போலீஸ் கார், உடம்பைத் தடவிப் பார்த்தது, நவம்பர் மாதம் எந்தச் சட்டைக்கு மேல் எந்தச் சட்டை போட்டிருந்தான் என்பது வரை. பெயர்கூட இல்லை, இரண்டு எழுத்துகள்தான். இருந்தும் ஒரு நாவலாசிரியர் கொடுக்கிற அளவுக்கு விவரம் இருக்கிறது. அவனுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னவர்கள்தான் அவனுக்கு என்ன நடந்தது என்பதை முழுசாக எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த அம்மா வழக்குப் போடாமல் இருந்திருந்தால் இந்த விவரம் எதுவும் இந்த வடிவில் நம்மிடம் வந்து சேர்ந்திருக்காது.

*

சரி, தோற்கிற வழக்கை ஏன் போட வேண்டும்? இந்தக் கேள்விக்கு அமெரிக்க நீதிமன்றமே ஒரு பதில் சொல்லியிருக்கிறது, 1977லேயே.

ஃப்ளோரிடாவில் ஒரு பள்ளி மாணவனை மரத்துடுப்பால் இருபது தடவைக்கு மேல் அடித்தார்கள். இன்கிரஹாம் வழக்கு. கொடூரமான தண்டனைக்கு எதிரான அரசியலமைப்புப் பாதுகாப்பு பள்ளிக்கூட அடிக்குப் பொருந்தாது என்றது உச்ச நீதிமன்றம். சரி, அடிப்பதற்கு முன்னால் பையன் தரப்பைக் கேட்கவாவது வேண்டாமா? வேண்டாம் என்றது. காரணம் என்ன தெரியுமா? அடி அளவு மீறினால் பிறகு மாநிலச் சட்டப்படி வழக்குப் போட்டுக்கொள்ளலாமே! இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், ஒரு மாணவனைச் சஸ்பெண்ட் செய்வதற்கு முன் அவன் பேச்சைக் கேட்க வேண்டும் என்று இதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. வீட்டுக்கு அனுப்பக் கேட்க வேண்டும், வெளுத்து வாங்கக் கேட்க வேண்டாம்.

"கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க சார்" என்று சொல்லிப் பிள்ளையைச் சேர்த்துவிட்டுப் போன அப்பாக்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தத் தீர்ப்பின் மனசு புரியும். பெற்றோரின் அதிகாரம் பள்ளிக்குக் கைமாறுகிறது என்ற பழைய நம்பிக்கை அங்கேயும் உண்டு. ஆனால் எந்த அப்பாவும் டவுன் ஸ்டேஷன் ஏட்டிடம் அப்படிச் சொல்லிவிட்டு வரவில்லை. வாத்தியார் அடித்தால் கோபத்தில் அடித்தார் என்று ஆகும். போலீஸ் கைது செய்தால் பதிவேட்டில் ஏறும். அமெரிக்கப் பள்ளிகளில் 1950களிலேயே அங்கங்கே போலீஸார் இருந்தாலும், 1999ல் கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு அரசுப் பணத்தில் அவர்கள் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. துப்பாக்கியோடு வருகிறவனைத் தடுக்க வைத்த ஆள், ஆபத்தில்லாத மற்ற நாட்களில் என்ன செய்வார்? ஏப்பத்தைக் கவனிப்பார்.

ஆக, முன்கூட்டி விசாரணை கிடையாது, பின்னால் வழக்குப் போடு என்பது 1977ல் அடிவாங்கியவர்களுக்குச் சொன்ன வழி. அது மாநிலச் சட்ட வழி. 2016 அம்மா போனது ஃபெடரல் வழி. இரண்டும் ஒன்றில்லை என்று வக்கீல்கள் திருத்துவார்கள். திருத்தம் சரிதான். இருந்தாலும், வாசலில் நிற்கும் அம்மாவுக்கு ஒரே கட்டடத்தின் இரண்டு ஜன்னல்கள் அவை. அந்த ஜன்னலுக்குப் போ என்று அனுப்பிவிட்டு, போனவரைப் பேராசைக்காரி என்பது அநியாயம்.

பேராசையாம். அலபாமாவில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, 2003ல், பி.டி. பீரியடில் பயிற்சியாளரிடம் எதிர்த்துப் பேசினாள். அங்கிருந்த இன்னொரு பயிற்சியாளர், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஷெரிஃப் அலுவலகத்து அதிகாரி விடவில்லை. அவளுக்குப் பாடம் புகட்ட ஐந்து நிமிஷமாவது இறுக்கமாகக் கைவிலங்கு மாட்டி வைத்தார். 2006ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இது தப்பென்று தெரிந்துகொள்ள முன்னுதாரணத் தீர்ப்பு எதுவும் வேண்டியதில்லை, அவ்வளவு வெளிப்படை என்று சொல்லி அவருடைய கவசத்தைக் கழற்றியது. கடைசியில் அந்தச் சிறுமிக்குக் கிடைத்த நஷ்ட ஈடு ஒரு டாலர். வக்கீல் கட்டணம் யார் கொடுப்பது என்ற சண்டை அதற்குப் பிறகும் மேல்முறையீடுவரை போனது.

இதையும் சொல்லிவிட வேண்டும்: கான்சாஸ் சிட்டியில் அழுதுகொண்டிருந்த ஏழு வயதுப் பையனுக்குக் கைவிலங்கு மாட்டிய அதிகாரிக்கு 2019ல் கவசம் கிடைத்தது. மணிக்கட்டு அளவைப் பார்த்து நீதிபதிகள் முடிவு செய்வதில்லை. கென்டக்கியில் நிஜமாகவே மணிக்கட்டு ஒரு பிரச்சினையானது. எட்டு வயதுப் பையன், ஒன்பது வயதுச் சிறுமி, இருவருக்கும் கவனக் குறைபாட்டுப் பிரச்சினை உண்டு. கை சின்னதாக இருந்ததால் விலங்கை முழங்கைக்கு மேலே, புஜத்தில், முதுகுப் பக்கமாக மாட்டினார்கள். 2017ல் ஃபெடரல் நீதிபதி அது அரசியலமைப்புக்கு விரோதமான பலப்பிரயோகம் என்றும், கவுண்டி நிர்வாகமே பொறுப்பு என்றும் சொன்னார். அடுத்த ஆண்டு 3,37,000 டாலருக்குச் சமரசம் ஆனது. அந்தப் பணம் யாருடையது, ஊர் மக்களின் வரிப்பணம்தானே என்று கேட்கலாம். ஆமாம். அந்த அதிகாரிக்குச் சம்பளம் கொடுத்ததும் அதே வரிப்பணம்தான்.

எனக்கு இவற்றில் மிகவும் பிடித்த வழக்கு பணம் கேட்காத ஒன்று. தென் கரோலினாவில் 1919ல் ஒரு சட்டம் போட்டார்கள். பெண்கள் படிக்கும் பள்ளி, கல்லூரிப் பக்கம் வந்து தொந்தரவு செய்யும் வெளி ஆண்களை விரட்டப் போட்ட சட்டம். காலப்போக்கில் அது மாணவர்கள்மேலேயே திரும்பியது. பள்ளிக்கு இடையூறு, அருவருப்பான நடத்தை, இந்த இரண்டு சொல்லுக்குள் எதை வேண்டுமானாலும் அடைக்கலாம். கறுப்பின மாணவர்கள் அதில் பல மடங்கு அதிகமாக மாட்டினார்கள். 2015 அக்டோபரில் ஒரு வகுப்பில், போனைக் கொடுக்க மறுத்த மாணவியை ஷெரிஃப் அதிகாரி நாற்காலியோடு கவிழ்த்து இழுத்தார். அந்த வீடியோவை உலகம் பார்த்தது. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் குரல் கொடுத்த இன்னொரு மாணவியும் அதே சட்டத்தில் கைதானார். அவரும் வேறு சிலரும் போட்ட வழக்கு, அந்தச் சட்டத்தையே ரத்து செய்யுங்கள் என்றது. 2017ல் கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, 2018ல் மேல்முறையீட்டில் உயிர் வந்தது. அதே ஆண்டு, மாணவர்களுக்குப் பொருந்தாதபடி சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2023 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம், பழைய சட்டம் மாணவர்கள் விஷயத்தில் தெளிவற்றது, செல்லாது என்பதை உறுதி செய்தது. பழைய பதிவுகளை வைத்துக்கொண்டு அவர்களைத் துரத்தவும் கூடாது என்றானது. ஏழெட்டு வருஷம். இங்கே கவசம் குறுக்கே வரவில்லை, ஏனென்றால் எந்த அதிகாரியின் பணப்பையையும் யாரும் கேட்கவில்லை.

அல்புகர்க்கி அம்மாவும் அப்படிப் போட்டிருக்கலாமே என்று யோசித்துப் பார்த்தேன். 1974 தீர்ப்பு ஏற்கெனவே சட்டத்தைச் சுருக்கி வைத்திருந்ததால், அவர் தரப்புக்குச் சட்டம் நல்ல சட்டம், ஆள்தான் தப்பாகப் பயன்படுத்தினார் என்பதே வாதம். அதனால் ஆள்மேல் போனார். ஆள்மேல் போனதும் கவசத்தில் மோதினார். வழக்கை அவர் தப்பாகப் போட்டதாக எனக்குத் தோன்றவில்லை. இருந்த ஒரே கதவு அந்தப் பக்கம் பூட்டியிருந்தது.

"பையனும் லேசுப்பட்டவன் இல்லையே, டீச்சர் எத்தனை தடவை சொன்னார்" என்று இந்தக் கட்டுரையை வாசித்துப் பார்த்த நண்பர் சொன்னார். லேசுப்பட்டவன் இல்லைதான். நிறுத்து என்றால் நிறுத்தவில்லை, வெளியே போ என்றால் வாசலில் நின்றுகொண்டு தொடர்ந்தான். அந்த டீச்சராக நான் இருந்திருந்தால் காது சிவந்திருக்கும். 94 பக்கமும் இதை மறைக்கவில்லை. உண்மைகளைச் சொல்லும் முதல் பகுதியில், உணர்ச்சி எதுவும் இல்லாத அந்த நடையிலேயே, அவன் ஏப்பம் விட்டபோது மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள் என்பதையும் எழுதியிருக்கிறார்கள்.